இருபது கிலோவுக்குள் லண்டன்

“தேங்கா எண்ணெய் எதுக்கு? வெள்ளைக்காரன் தலைக்கு ஒண்ணுமே தடவறதில்லியா இன்னா? எடுத்து வெளிய வை” என்றார் அரசப்பன்.

பெண்டாட்டி ஜானகியம்மாள் பெட்டியிலிருந்து டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள்.

மகன் ஆதிநாராயணனை, அவன் வேலை பார்க்கிற கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து ஆறு மாசப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்புகிறார்கள். பெட்டி இருபது கிலோவைத் தாண்டக் கூடாதாம். இந்தச் சேதி வந்ததிலிருந்து கடம்பத்தூரில் பாதி ஊர் அரசப்பன் வீட்டில்தான். யாருக்கு வேலை ஓடுகிறது? ஆளுக்கொரு கேள்வி, ஆளுக்கொரு யோசனை.

“அங்க வெயிலே அடிக்காதாமே. வேட்டியத் தோச்சா எப்படிக் காயும்?” என்றான் பச்சையப்பன். வருஷா வருஷம் விளைந்த நெல்லை அரசப்பன் மண்டியில் விற்கிறவன்.

“அங்க எவன்யா வேட்டி கட்றான்?”

“அப்போ ராத்திரி தூங்கசொல்லோ இன்னா கட்டிக்குவான்?”

அரசப்பன் கொஞ்சம் யோசித்தார். வேட்டி ஒன்று உள்ளே போனது.

ஜானகியம்மாள் ஆவக்காய் ஜாடியோடு வந்தாள். “எது வேணா எடுத்துடுங்க. இது மட்டும் போவட்டும். சோறு கெடைக்காத ஊரு. ரொட்டிக்குத் தொட்டுக்கினாவது புள்ள அரை வயிறு சாப்பிடுவான்.”

“நான் இன்னா சொல்றது? தராசு சொல்லட்டும்” என்று பெட்டியை வீட்டை ஒட்டியிருந்த மண்டிக்குத் தூக்கி வரச் சொன்னார்.

ஒரு தட்டில் பெட்டி, மறு தட்டில் இருபது கிலோ கல். பெட்டி இறங்கியது. இரண்டாவது ஜோடி பூட்ஸை எடுத்தார்கள். போர்வையை எடுத்தார்கள். ஜாடி உள்ளே இருக்கும்போதே முள் நேராக நின்றது.

“ஒரு குந்துமணி கூட ஏறாது. இருபதுன்னா இருபது” என்றார் அரசப்பன்.

“அண்ணன் கல்லாச்சே” என்றான் பச்சையப்பன்.

வீட்டு வாசலில் அரிசி நிறுத்து விற்றுக்கொண்டிருந்த ஜானகியம்மாளுக்கு அங்கிருந்தே குரல் கொடுத்தார். “ஏமே, உன் ஊறுகா லண்டன் போவுது.”

அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வேன் பிடித்து மீனம்பாக்கம். பச்சையப்பனோடு, மண்டியில் நெல் விற்கிற இன்னும் எட்டுப் பேர். எல்லார் கையிலும் மாலை.

கவுண்ட்டரில் இருந்த பையன் பெட்டியை வாங்கி மெஷினில் வைத்தான். “இருபத்துமூணு கிலோ சார். மூணு கிலோ குறைங்க.”

“உன் மெஷின் கோளாறு தம்பி. நாங்க நிறுத்து எடுத்தாந்திருக்கோம்.”

அவன் சண்டை போடவில்லை. பக்கத்து மெஷினில் வைத்துக் காட்டினான். அதிலும் இருபத்துமூன்று.

அரசப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

“காலையில பொட்டியத் தொறந்து இன்னாத்தச் சொருவுன?”

“நான் தொடவே இல்லீங்க.”

“அப்போ மூணு கிலோ ஆகாசத்துலேர்ந்தா வந்து குதிச்சுது? இத்தினி பேர் எதிர்ல மானத்த வாங்கிட்டியே.”

பூட்டைத் திறந்து ஆவக்காய் ஜாடியை எடுத்துத் தரையில் வைத்தார். “விடு நைனா, நான் சமாளிச்சுக்கிறேன்” என்றான் ஆதிநாராயணன். அப்பா காதில் விழவில்லை. மாலையோடு நின்றவர்கள் ஜானகியம்மாளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். “பெத்த மனசு, கேக்குமா” என்று பச்சையப்பன் கூட மெல்லச் சொன்னான்.

செய்யாத தப்புக்கு ஏச்சு. ஊறுகாயும் போச்சு. ஜானகியம்மாளுக்குக் கண் தளும்பியது. ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றவள், சட்டென்று ஏதோ பிடிபட்ட மாதிரி நிமிர்ந்தாள். சுற்றி நிற்பது யார் என்று கூட அந்த நேரம் அவளுக்குத் தோன்றவில்லை.

“ஏங்க, நேத்து எந்தக் கல்லப் போட்டு நிறுத்தீங்க? நெல்லு வாங்குற இருபது கிலோவா, அரிசி விக்கிற இருபது கிலோவா?”