கீரி வரைந்த கோட்டை

ஆற்று மணலில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, ஒரு பெரிய கோட்டையை வரைந்து முடித்தது கீரி. அகழி, சுரங்கம், பூதம் உறங்கும் அறை, எல்லாம் தயார். "இந்த ஆட்டத்தைக் காடே பேசும் பார்!" என்று மீசையை நீவிக்கொண்டது.

முயலும் ஆமையும் விளையாட வந்தன. முயலின் சிவப்புக் கூழாங்கல் போர்வீரன். ஆமையின் கறுப்புக் கல் மந்திரவாதி. கதை சொல்வது கீரியின் வேலை. கற்களை எங்கே நகர்த்துவது என்பது மற்ற இரண்டின் பாடு.

"கோட்டைக்குப் போற வழியில ஒரு டீக்கடை," என்று தொடங்கியது கீரி. ஓரத்தில் ஒரு கட்டம் சும்மா கிடக்கிறதே என்று வரைந்து வைத்த கடை அது.

"டீக்கடையா! கடைக்காரர் பேரென்ன?" என்றது முயல்.

"சடகோபன்," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னது கீரி. "அவர் கிடக்கட்டும். அதோ பாருங்க கோட்டை..."

"கடைக்குப் பின்னால என்ன இருக்கு?" என்றது ஆமை.

இரண்டு கற்களும் கடைக்குள் போய் உட்கார்ந்தன. கிளம்புகிற வழியைக் காணோம். கீரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கோட்டையில பூதம் முழிச்சிருச்சு!" என்று மிரட்டிப் பார்த்தது.

"முழிச்சா டீ குடிக்க இங்கதானே வரணும்?" என்றது ஆமை.

கீரி தன் கோட்டையை ஒருமுறை ஆசை தீரப் பார்த்தது. பிறகு வாலை ஒரே வீச்சாக வீசி, மதிலையும் அகழியையும் அழித்தது.

"சரி. கடைக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு. அந்தப் பக்கமிருந்து யாரோ தட்டுறாங்க."

முயலும் ஆமையும் நெருங்கி உட்கார்ந்தன. தட்டுவது யாரென்று கீரிக்கே தெரியாது. ஆனாலும் அது கிழித்த புதுக் கோடு கொஞ்சமும் கோணாமல் ஓடியது.