நோர்வேஜியன் தெரியாத ரீச்சர்

கத்தரிக்கோல் வேண்டும் என்று அந்த நோர்வேஜியப் பெடியன் தன் பாஷையில் மூன்றாம் தரமும் கேட்டான். ராகவி ரீச்சர் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன வேணும் மார்த்தின்? தமிழிலை சொல்லுங்கோ பாப்பம்."

அவன் இரண்டு விரலால் காற்றை வெட்டிக் காட்டி, "கத்தி!" என்றான். "கத்தரிக்கோல்" என்று திருத்திவிட்டு எடுத்துக் கொடுத்தாள்.

வகுப்புக் கதவின் கண்ணாடியூடாகப் பார்த்துக்கொண்டு நின்ற மங்களேஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது. மகள் கம்சிகாவைக் கூட்டிப்போக வந்தவள், கால் மணி நேரமாக அங்கேயே நிற்கிறாள். ஒரு கத்தரிக்கோலுக்குக்கூட நோர்வேஜியன் தெரியாதவள் ஒஸ்லோவில் ரீச்சராம்!

ஒஸ்லோவின் ஸ்டோவ்னர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம்தான் அப்படி ஒரு வகுப்புத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் ஸ்பானிஷ் பிள்ளைகளையும் இங்கிலீஷ் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி இரண்டு பாஷையிலும் படிப்பிக்கிறார்களே, அதே மாதிரி. இங்கே பாதிப் பிள்ளைகள் தமிழ், பாதி நோர்வேஜியன். காலையில் நோர்வேஜிய ரீச்சர், மத்தியானம் தமிழ் ரீச்சர்.

அந்தத் தமிழ் ரீச்சர் வேலைக்கு மங்களேஸ்வரியும் விண்ணப்பம் போட்டவள். யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள், இங்கே வந்து பதின்மூன்று வருடமாகப் பாலர் பள்ளியில் பம்பர்ஸ் மாற்றிக்கொண்டிருக்கிறாள். கண் முழித்துப் படித்து நோர்வேஜியன் சோதனையும் பாஸ் பண்ணிவிட்டாள். ஒரு வகுப்புக்கு முன்னால் நின்று, பிள்ளைகள் "ரீச்சர்" என்று கூப்பிடுவதை இன்னொரு தரம் கேட்க வேண்டும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான்.

வேலை கிடைத்தது இருபத்தைந்து வயது ராகவிக்கு.

"உவளின்ரை முகத்தைப் பாக்க என்னாலை ஏலாது. நீங்களே போங்கோ" என்று பெற்றோர் கூட்டத்துக்குக் கணவன் குலேந்திரனைத் தள்ளிவிட்டாள். அவர் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்ற முதலே தொடங்கினார்.

"இஞ்சை பாரும், அந்த ரீச்சரைப் பற்றிப் பெரிய ரீச்சர் ஒரு விசயம் சொன்னவ..."

"உவளின்ரை கதை இந்த வீட்டுக்கை வேண்டாம் எண்டு சொன்னனானெல்லே!"

குலேந்திரன் போய்ப் புட்டைப் போட்டுக்கொண்டார். கலியாணம் கட்டிப் பதினாறு வருடம். எப்போது வாயை மூட வேண்டும் என்று மனிசனுக்குத் தெரியும்.

அதோடு விட்டதா? கம்சிகா வேறு. "ராகவி ரீச்சர் இண்டைக்குப் பச்சைச் சட்டை. ராகவி ரீச்சர் சொன்னவ, என்ரை தமிழ் நல்ல வடிவாம்." ஆறு வருடமாக "தமிழிலை கதை பிள்ளை" என்று தொண்டை கிழியக் கத்தியது தாய். பேர் தட்டிக்கொண்டு போனது எவளோ!

ராகவிக்கு டிசம்பர் நத்தார் வரைக்கும்தான் தற்காலிக நியமனம். நிரந்தரமாக்குவதா இல்லையா என்று அந்தக் கிழமைதான் முடிவெடுக்கிறார்கள். இப்போது விட்டால் பிறகு இல்லை என்று மங்களேஸ்வரி நினைத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே தலைமையாசிரியை பேரித்தின் அறைக்குள் போனாள்.

அங்கே ராகவியும் இருந்தாள். இருக்கட்டுமே, உவளுக்கு என்ன விளங்கப்போகுது!

சோதனை பாஸ் பண்ணிய நோர்வேஜியனில், ஒரு பிழை இல்லாமல், மனதில் கிடந்ததெல்லாவற்றையும் பேரித்திடம் கொட்டினாள்.

"இந்தப் பெண் நேற்றுத்தான் ஊரிலிருந்து கலியாணம் கட்டி வந்திருக்கிறாள். தமிழைக் கேட்டாலே தெரிகிறது. நோர்வேஜியன் ஒரு சொல் வராது. பாருங்கள், தன்னைப் பற்றித்தான் கதைக்கிறேன் என்றுகூட விளங்காமல் இருக்கிறாள்!"

ராகவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேர்முகத்துக்கு முதல் எங்களை இருத்தி வைத்த அறையில் ஒரு நோர்வேஜியச் சிறுமி படம் கீறிக்கொண்டிருந்தாள். குதிரை கீறத் தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். அரை மணி நேரம் அவளோடு நோர்வேஜியனில் கதைத்தேன். என் மடியிலேயே ஏறி இருந்துவிட்டாள். எனக்குப் பிறகு இவள் அந்தச் சிறுமியிடம் போனாள். 'குதிரை, குதிரை' என்று தமிழில் கத்திக்கொண்டு அறையைச் சுற்றிப் பாய்ந்தாள். வெறும் சர்க்கஸ்! பிறகு உள்ளே கூப்பிட்டு என்னிடம் நாலே நாலு கேள்வி கேட்டீர்கள். எதைப் பார்த்து இவளுக்கு வேலை கொடுத்தீர்கள்?"

பேரித் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். நடையில் ஓடித்திரிந்த பிள்ளைகளின் சத்தம் அடங்கியது.

அப்போது ராகவி வாய் திறந்தாள். வந்தது நோர்வேஜியன். எந்தச் சோதனைக்குப் படித்தாலும் வராத, ஒஸ்லோத் தெருவில் ஓடி விளையாடி வளர்ந்தவர்களின் நோர்வேஜியன்.

"நான் இங்கேதான், ஒஸ்லோவில் ஹவுகெட்டோவில் பிறந்தவள். எனக்கு நோர்வேஜியன் தெரியும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்தால் ஒருவரும் என்னோடு தமிழ் கதைக்க மாட்டார்கள். அதனால்தான் தெரியாத மாதிரி இருக்கிறேன். இந்த வகுப்பின் முறையே அதுதான். பெற்றோர் கூட்டத்தில் சொன்னோமே?"

மங்களேஸ்வரிக்கு அப்போதும் விட மனம் வரவில்லை. படித்த நோர்வேஜியன் எல்லாம் எங்கேயோ போய், ஊர்த் தமிழ்தான் வந்தது.

"அப்ப அண்டைக்கு ஏன் அந்தப் பிள்ளையோடை தமிழிலை கதைச்சனீர்? உமக்கு வேலையும் கிடைக்கேல்லை, ஒருத்தரும் நடிக்கச் சொல்லவும் இல்லை. இன்ரவியூவே தொடங்கேல்லையே!"

ராகவி அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள்.

"அக்கா, அந்தப் பிள்ளைதான் இன்ரவியூ."