உதடு ஒட்டாத சொல்

சாதி வசவு எதுவும் இனி யார் காதிலும் விழாது, அதனிடத்தில் அன்பான வார்த்தைதான் விழும் என்று சட்டம் வந்து, எல்லோர் காதிலும் சில்லு பொருத்தியாயிற்று. அதற்காகக் கொடி பிடித்துச் சிறைக்குப் போனவள் செல்லக்கிளி. பஞ்சாலை இரைச்சலில் உதடு பார்த்தே பேசிப் பழகியவள்.

வசவே கேளாமல் வளர்ந்த மகள் சாதி மாறிக் கட்டிக்கொண்டாள். பார்க்கப் போன செல்லக்கிளியிடம், “அத்தை வாய்க்கு வாய் தாயிங்கிறாகம்மா,” என்று பூரித்தாள்.

அடுப்படியிலிருந்து தலையை நீட்டிச் சம்பந்தியம்மா மகளைக் கூப்பிட்டாள். செல்லக்கிளி காதிலும் ‘தாயி’ என்றுதான் விழுந்தது. ஆனால் தாயி என்றால் உதடு ஒட்டாது. அந்த உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

“இந்தா வந்துட்டேன் அத்தை!” மகள் சிரித்தபடி ஓடினாள்.

“குடுத்துவச்சவடி நீ,” என்றாள் செல்லக்கிளி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு.