பேச்சுக் கொடுப்பவன்

லிஃப்டில் சிக்கியவர்களிடம் வாசலில் நின்று ஒருவர் ஓயாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்பது தீயணைப்பு வீரர்களின் முறை. அது எப்போதும் இளவழுதிக்கே வாய்க்கும். மொட்டைமாடி அறையில் மின்சாரத்தை நிறுத்தி, கைச்சக்கரத்தைச் சுழற்றிப் பெட்டியை இறக்குவது மாசிலாமணியின் பொறுப்பு. அன்று சிக்கியவள் மாசிலாமணியின் மனைவி பூங்கோதை.

"பயப்படாதீங்க அண்ணி, மேல அண்ணன்தான் சுத்துறாரு. வீட்ல மாதிரியே இங்கயும் மெதுவாத்தான் அசைவாரு."

இளவழுதியின் கையிலிருந்த வாக்கிடாக்கி வழியே பூங்கோதை வாய்விட்டுச் சிரிப்பது மேலே கேட்டது. மணமான நாள்முதல் மாசிலாமணி கேட்டறியாத சிரிப்பு. சக்கரம் நின்றது.

"அண்ணே, இன்னும் ஒரு முழந்தான். ஏன் நிறுத்திட்டீங்க?"

"பிரேக் இறுகிடுச்சுடா. நீ பேசிட்டிரு."

இறுகாத பிரேக்கைப் பிடித்தபடி, அவள் மறுபடி சிரிப்பாளா என்று வாக்கிடாக்கியைக் காதோடு அழுத்திக்கொண்டான் மாசிலாமணி.