சத்தமில்லாத வண்டி

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பயனில்லை. தன் பெயரே அப்பாவுக்கு மறந்து ஒரு வருடமாகிறது.

காலையில் கதவைத் தாழிட மறந்தது மகள்தான். பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நாற்காலி காலி.

ஒன்பது மணி நேரமாகத் தேடுகிறாள். பேருந்து நிலையம், மருத்துவமனை, காவல் நிலையம். எல்லா இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு மெக்கானிக்தான் சொன்னார், வெள்ளைச் சட்டைக்காரப் பெரியவர் ஒருவர் கிடங்குகள் பக்கமாக நடந்து போனதாக.

அங்கே வரிசையாக நாற்பது கிடங்குகள். பின்னால் முள்ளுக்காடு. அதை ஒட்டித் தண்டவாளம். ஆறு மணிக்கு எக்ஸ்பிரஸ். மெக்கானிக் கடைக் கடிகாரம் ஐந்தே முக்காலைக் காட்டியது.

அவள் தன் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நூறு சிசி, ஃபோர் ஸ்ட்ரோக். அவளைவிட ஒரு வயது இளையது.

அதை வடிவமைத்த நான்கு பேரில் அப்பாவும் ஒருவர். சைலன்சர் அவர் பொறுப்பு. தெருவெல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் புகை கக்கி அலறிய காலம் அது. சத்தம் வந்தால்தான் வண்டியில் வலு இருப்பதாக ஜனங்கள் நம்புவார்கள் என்றது விற்பனைப் பிரிவு. அப்பா ஒற்றைக் காலில் நின்றார். பதினோரு மாதம் ஓட்டைத் தகடுகளைக் குழாய்க்குள் மாற்றி மாற்றி அடுக்கி, பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காதபடி அடக்கிவிட்டார்.

ஏன் அத்தனை பிடிவாதம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

எல்லாம் மறந்த பிறகும் அந்தக் கோபம் மட்டும் போகவில்லை. சைலன்சர் உடைந்த வண்டி ஏதாவது தெருவில் போனால், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டைக்கு ஓடுவார்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணே, இந்த சைலன்சரக் கழட்டுங்க."

"என்னம்மா சொல்றீங்க? காது கிழிஞ்சிரும். ஊரே சண்டைக்கு வரும்."

"வரட்டும். அதுக்குத்தான்."

முதல் நட்டு கழன்றது. துருப்பிடித்த இரண்டாவது அசையவில்லை. ஸ்பேனரைப் பிடுங்கித் தன் எடை முழுவதையும் அதன் மேல் போட்டாள். குழாயின் சூட்டில் உள்ளங்கை பொசுங்கியது. அப்பாவின் பதினோரு மாதம் தரையில் விழுந்து உருண்டது.

கிக்கரை உதைத்தாள்.

வண்டி அலறியது. கிடங்குக் கதவுகள் அதிர்ந்தன. காவலாளிகள் கத்தியது அவளுக்கு வாயசைவாக மட்டும் தெரிந்தது. பத்தாவது கிடங்கு, இருபதாவது, முப்பதாவது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கிக்கொண்டே முள்ளுக்காட்டின் விளிம்புக்குப் போனாள். தூரத்தில் ரயிலின் விளக்கு தெரிந்தது. வாய்விட்டு அழுதுகொண்டே இன்னும் முறுக்கினாள்.

முட்புதர் விலகியது.

ஒரு காலில் செருப்பில்லை. கிழிந்த சட்டை. முகமெல்லாம் கோபம். நேராக வந்து வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ரயில் தடதடவென்று கடந்து போனது.

அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஏம்மா, அறிவிருக்கா உனக்கு? மூணு மாசக் கொழந்தம்மா. இப்பத்தான் தூங்க வச்சேன். வண்டிச் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டு அழுறா."

அவள் இன்ஜினை அணைத்தாள்.