ஒரே ஒரு புழு

காகம் ஒன்று கதை எழுதியது. கூட்டில் இரண்டு குஞ்சுகள். ஒன்று தாய்க்காகம் பெற்றது, மற்றது குயிலுடையது. விடாத மழை. தாயின் அலகில் ஒரே ஒரு புழு. யாருக்குக் கொடுப்பாள்?

அதற்கு மேல் ஓடவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, மரத்துப் பறவைகளுக்குப் படித்துக் காட்டியது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பெத்த பிள்ளைக்குத்தான்," என்றது மைனா.

காகத்துக்கும் அது சரியாகப் பட்டது. அப்படியே எழுதிவிட்டு நிமிர்ந்தபோதுதான், மேல்கிளையில் குயில் இருப்பதைக் கவனித்தது.

"என்னை வளர்த்தவ எனக்குத்தான் கொடுத்தா அக்கா," என்றது குயில். "அவ பெத்தது செத்துப்போச்சு. அப்புறம் எனக்கு ஊட்டும்போதெல்லாம் கூட்டுல அது இருந்த பக்கம் திரும்பவே மாட்டா."

காகம் கடைசி வரியை அடித்தது. புழு இன்னும் தாயின் அலகிலேயே இருக்கிறது.