ஒரு சொட்டும் கூடாது

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், டிராலிக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றான் மரியஅந்தோணி.

“ஃபாதர் வராம எம் புள்ளைய உள்ள கொண்டுபோக விடமாட்டேன்.”

“எங்க இருக்கார்?” என்றார் டாக்டர் அறிவுச்செல்வன்.

“வேளாங்கண்ணியிலேருந்து வந்துக்கிட்டிருக்கார். கீழ்வேளூர் ரயில்வே கேட்டுல நிக்கிறாராம். நீங்கதான சார் ரெண்டு மணிக்கு ஆபரேஷன்னு சொன்னீங்க?”

“சொன்னேன். அதுக்குள்ள மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. பாக்குறீங்கல்ல?”

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பிறந்து இரண்டாம் நாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சு உள்ளே ஒட்டி ஒட்டி எழுந்தது.

காலையிலேயே டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். உணவுக்குழாய் பாதி வழியில் அடைபட்டு நின்றுவிட்டது. கீழ்ப்பாதி மூச்சுக்குழாயில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாசன வாய்க்கால் கரை உடைந்து வடிகாலில் கலந்தமாதிரி என்று மரியஅந்தோணிக்குப் புரிந்தது. அந்த ஒட்டைப் பிரித்து, ஓட்டையைத் தைத்து, உணவுக்குழாயின் இரண்டு முனைகளையும் சேர்க்க வேண்டும்.

அவனுடைய முதல் பிள்ளை பிறந்த மூன்று மணி நேரத்தில் போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுப்பதற்குள். ஊர் வழக்கப்படி கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, வேலியோரம், சிலுவையில்லாமல், பெயரில்லாமல் கிடக்கிறது.

நாகப்பட்டினம் ஆஸ்பத்திரியில் வயிற்றுத் தையலோடு படுத்திருக்கும் அவன் மனைவி அமலி, ஆம்புலன்ஸ் இங்கே கிளம்பும்போது ஒன்றுதான் சொல்லி அனுப்பினாள்.

“இதையும் வேலியோரம் வச்சிடாதீங்க. கத்தி படுறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்திடணும்.”

பக்கத்தில் நின்ற அக்கா லின்சி பையிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தாள். “மாதா தண்ணிங்க சார். உதட்டுல ஒரே ஒரு சொட்டு…”

டாக்டர் பாட்டிலைப் பிடுங்கி நர்ஸ் பூர்ணிமாவிடம் கொடுத்தார்.

“ஒரு சொட்டும் கூடாது. எச்சில விழுங்கவே வழியில்லாம நுரை தள்ளுது. இதுவும் நெஞ்சுக்குள்ளதான் போகும்.”

“ஆயுத பூஜைக்குக்கூட தியேட்டர்ல பொட்டு வைக்க விடாதவராமே. மாதா தண்ணி கசக்கத்தான் செய்யும்,” என்றாள் லின்சி.

“கசந்தாலும் இனிச்சாலும் நுரையீரலுக்கு எல்லாத் தண்ணியும் ஒண்ணுதாம்மா. வழிய விடுங்க.”

மரியஅந்தோணி நகரவில்லை. போனை நீட்டினான்.

“ஃபாதர் லைன்ல இருக்கார். அவர்கிட்டயாவது ஒரு வார்த்தை பேசுங்க.”

டாக்டர் போனை வாங்கினார். காதில் வைக்கவில்லை.

“புள்ளைக்கு என்ன பேரு வைக்கப்போறீங்க?”

“எல்வின் ஜோசப். எதுக்கு கேக்குறீங்க?”

“கேஸ் ஷீட்டுல ‘அமலி பேபி’ன்னு இருக்கு, அது போதும் சார்,” என்றாள் பூர்ணிமா.

“உங்கள நான் கேக்கல.”

மரியஅந்தோணியைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, டிராலியை அவரே தள்ளிக்கொண்டு போனார். கதவு மூடிக்கொண்டது. போனும் உள்ளே போய்விட்டது.

“போனக்கூட பிடுங்கிட்டுப் போறான் பாருங்க!” லின்சி வராந்தாவுக்கே கேட்கும்படி கத்தினாள். “எங்க சாமியார் பேசினா இவன் காது அழுகிடுமா?”

“கலெக்டருக்கு எழுதுங்க தம்பி,” என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

“எழுதுவேன். புள்ள நல்லபடியா வந்தாலும் விடமாட்டேன். வராட்டியும் விடமாட்டேன்.”

மூன்று மணி நேரம் கழித்து பூர்ணிமா வந்து போனையும் பாட்டிலையும் கொடுத்தாள். போன் சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. லின்சி பாட்டில் மூடியைத் தடவிப் பார்த்தாள். சீல் உடையவில்லை.

“தொடக்கூட இல்லடா தம்பி.”

பின்னாலேயே டாக்டர் வந்தார். “ஒட்டைப் பிரிச்சாச்சு. ரெண்டு முனையும் சேந்துடுச்சு. ஒரு வாரத்துக்கு வாயில எதுவும் கிடையாது. அப்புறம் படம் எடுத்துப் பாத்துட்டுப் பால்.”

மரியஅந்தோணி இரண்டு கைகளையும் கூப்பினான். ஆனாலும் விடவில்லை.

“கையெடுத்துக் கும்பிடுறேன் சார். ஆனா உங்கமேல எழுதத்தான் போறேன். உள்ள ஒண்ணு ஆகியிருந்தா, எனக்கு இன்னொரு வேலியோரந்தான?”

“எழுதுங்க. பேர மட்டும் பிழையில்லாம எழுதுங்க.” நிற்காமல் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஹெல்மெட்டும் வியர்வையுமாக ஃபாதர் வந்து சேர்ந்தார். தோளில் பூசைப் பட்டை இல்லை, கையில் எண்ணெய்ச் சிமிழ் இல்லை. ஒரு நீள நோட்டு மட்டும் இருந்தது.

“வெறுங்கையோட வந்திருக்கீங்களே ஃபாதர்! எம் புள்ளைக்கு எப்ப ஊத்துவீங்க?”

“ஒருத்தருக்கு ரெண்டு தரம் ஊத்தக் கூடாதுப்பா.”

“ரெண்டு தரமா?”

“உனக்குத் தெரியாதா? போன்ல நான் சொல்லச் சொல்ல டாக்டர்தான் ஊத்தினார். ‘வேளாங்கண்ணித் தண்ணிதான் வேணுமா?’ன்னார். எந்தத் தண்ணியும் செல்லும்னேன். ‘அப்ப எங்க சுத்தத் தண்ணி, நெத்தியில மட்டும்’னார். ‘சாமி இல்லேங்கறவன் ஊத்தினா செல்லுமா?’ன்னும் கேட்டார். புள்ளையோட அம்மா கேட்டது நடக்கணும்கிற மனசு இருந்தா செல்லும்னேன். எல்வின் ஜோசப்னு பேர் சொல்லி, தந்தை மகன் தூய ஆவி, மூணு தரம். ஒரு வார்த்தை விடல. அதான் பாதி வழியில திரும்பிப் போய் ஏட்ட எடுத்துட்டு வர்றேன்.”

லின்சி பாட்டிலைப் பைக்குள் வைத்தாள்.

ஃபாதர் நோட்டைப் பிரித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

“பங்குக் கோயில் ஏட்டுல ‘ஞானஸ்நானம் கொடுத்தவர்’னு ஒரு கட்டம் இருக்கு. அந்த டாக்டர் பேரு முழுசா என்ன?”

“அறிவுச்செல்வன்,” என்றான் மரியஅந்தோணி. “பிழையில்லாம எழுதுங்க ஃபாதர்.”